நின்று காப்பவனும் விழுந்து காப்பவனும்

ஒரு கல்யாணத்தைக் கெடுக்கப் பகை வேண்டியதில்லை, பீற்றிக்கொள்ளும் வாய் ஒன்று போதும். சரவணன் விஷயத்தில் அந்த வாய் என்னுடையது.

கனடாவில் நானும் சரவணனும் ஒரே அலுவலகம், ஒரே அறை. அலுவலகத்து ஐஸ் ஹாக்கிக் குழுவில் சறுக்கத் தெரியாதவர்களை வலைக்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள். எனவே நாங்கள் இருவரும் கோல்கீப்பர்கள், எதிரெதிர் வலைகளில். (அன்னவாசல்காரனுக்கு ஐஸ் என்றால் குச்சி ஐஸ்தான். அதன் மேல் நிற்பதே எனக்குச் சாதனை.)

நான் மட்டும் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். சரவணனுக்குத் திருமயத்தில் பெண் பேசியிருந்தார்கள், பெயர் தேன்மொழி. இரண்டு மாதமாக போனில் பேசிப் பேசி, அவள் இல்லாமல் வாழ்க்கையே இல்லை என்ற நிலைக்கு வந்திருந்தான்.

"அவ தாய்மாமன் சிதம்பரம் என்னையப் பத்தி ஒங்கிட்ட விசாரிக்க வருவாரு. பழைய கபடி ஆட்டக்காரரு. என் ஹாக்கியப் பத்தி நாலு வார்த்தை நல்லாச் சொல்லுடா" என்று கனடாவிலிருந்து போனில் சொன்னான்.

நானும் இரண்டு நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவைத்தேன். அவர் வந்தார், டீயை வாங்கினார், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, மாப்ளைக்குப் பழக்கம் ஏதும் உண்டா?"

பெண் கொடுக்க வந்தவர் இப்படிக் கேட்டால் அது குடியைத்தான் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் தலை முழுக்க ஹாக்கி. பயிற்சியைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"உண்டுங்க. வாரத்துல ரெண்டு நாளு. நானும் கூடப் போவேன்."

"ரெண்டு பேருமா?"

"ஆமாங்க. ஆனா அவன் முறை வேற, என் முறை வேற. நான் கடைசி வரைக்கும் நின்னே சமாளிப்பேன். அவன் எடுத்த ஒடனே முட்டி போட்டு விழுந்துருவான். காலு ரெண்டும் அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணாக் கெடக்கும்."

"எந்திரிப்பாரா?"

"எந்திரிப்பான். திரும்ப விழுவான்."

"ஐஸு போட்டுத்தான் பழக்கமோ?"

"ஐஸு இல்லாம எப்படிங்க?"

"வீட்டுக்கு எப்படிப் போவாரு?"

"நாந்தான் கார்ல கொண்டுபோய் விடுவேன்."

அவர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். நண்பனைப் புகழச் சொன்னால் என்னைப் புகழ்ந்துகொண்டேன் என்பதுகூட உறைக்காமல், திருப்தியாக உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சரவணன் கூப்பிட்டான். "வேணாம்னுட்டாங்கடா. நீ என்னதான் சொன்ன?"

பேசியதை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஐஸ் வந்த இடத்தில்தான் அவர் குடியைக் கேட்டிருக்கிறார் என்பது எனக்கே புரிந்தது. அவன் என்னைத் திட்டவில்லை. "சரிடா" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த பஸ்ஸில் திருமயம் போனேன். சிதம்பரம் "உக்காருங்க" என்றுகூடச் சொல்லவில்லை. நின்றபடியே, "நான் சொன்னது இந்தப் பழக்கத்தைங்க" என்று போனில் இருந்த ஆட்ட வீடியோவைக் காட்டினேன். முகமூடியும் மெத்தை மாதிரி கால்கவசமுமாகச் சரவணன் முட்டி போட்டு விழுகிறான். கறுப்பு ரப்பர் வட்டு அவன் காலில் மோதித் திரும்புகிறது. எழுகிறான், மறுபடி விழுகிறான், மறுபடி தடுக்கிறான்.

"தெளிவாத்தான் விழுகுறாரு" என்றார்.

வீடியோ நிற்கவில்லை. அடுத்து எதிர் வலையில் நான், அய்யனார் கோயில் குதிரை கணக்காக நின்றேன். வட்டு என் கால்களுக்கு நடுவே உள்ளே போனது.

அவர் அதை இரண்டு தடவை பார்த்தார். "அவரு விழுந்தா உள்ள போகல. நீங்க நின்னுக்கிட்டே இருக்கீங்க, போயிருச்சே தம்பி."

உள்ளேயிருந்து தேன்மொழி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "மாமா, அவரு விழுந்தா விழுந்துட்டுப் போகட்டும். நான் தூக்கிவிட்டுக்குறேன்" என்றாள்.

கல்யாணம் நடந்தது. இன்றும் அந்த வீட்டில் மாப்பிள்ளை பார்த்தால், "நிக்கிற ஆளா, விழுகுற ஆளா?" என்றுதான் விசாரிக்கிறார்கள். விழுகிறவருக்குத்தான் மதிப்பு.

பிறகு எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் என்னைப் பற்றிச் சரவணனிடம் விசாரித்தார்கள். "நல்லவன்" என்று மட்டும் சொன்னானாம், ஹாக்கியைப் பற்றி மூச்சுவிடவில்லை. என் கல்யாணத்துக்கு வந்த சிதம்பரத்தின் காலில் விழுந்தேன். ஆசீர்வாதம் பண்ணித் தூக்கிவிட்டவர், என் காதருகே குனிந்து சொன்னார்:

"தம்பியும் விழப் பழகிட்டீங்க."