பிரைவேட் தோசை

"உங்க தோசைக் கடையைப் பத்திப் பேசணும். திங்கக்கிழமை ரூமுக்கு வாங்க."

லிப்ட் கதவு மூடிக்கொண்டது. அதிகாரி சுதர்சினி மேலே போனார். கீழே நின்ற பக்கிரிசாமியின் உயிரும் கூடவே போனது.

கிள்ளானில் ஓர் அரசாங்க அலுவலகத்து வாசலில் அவர் காவலாளி. ஞாயிறு காலையில் மட்டும் பண்டமாரானில் மனைவி மலர்விழியோடு தோசை சுட்டு விற்பார். அரசாங்க ஊழியர் அனுமதியில்லாமல் வெளியே வியாபாரம் பண்ணக்கூடாது என்பது, அந்த வாசலில் நின்றே அவர் காதில் விழுந்த சட்டம்.

"நீங்க கவர்மெண்டே இல்லையே!" என்றாள் மலர்விழி. "சம்பளம் செக்யூரிட்டி கம்பெனிதானே கொடுக்குது?"

"நிக்கிறது கவர்மெண்டு வாசல்ல. சல்யூட் அடிக்கிறது கவர்மெண்டுக்கு. கூப்பிட்டதும் கவர்மெண்டு."

சனிக்கிழமை, தெளிவு பெற கம்பெனி சூப்பர்வைசர் லோகனிடம் போனார்.

"பாஸ், நான் கவர்மெண்டா, பிரைவேட்டா?"

"சம்பளம் கூட்டிக் கேட்டா பிரைவேட். தப்பு பண்ணா கவர்மெண்டு லா." லோகன் கண்ணைச் சுருக்கினார். "ஏன், என்ன தப்பு பண்ணே?"

"ஒன்னுமில்ல பாஸ், சும்மா."

"சும்மா எவனும் சட்டம் கேக்கமாட்டான். திங்கக்கிழமை நானே வந்து மேடத்தைக் கேக்குறேன். அவங்க வேணாம்னா, உனக்கு ரவாங் பேக்டரி வாசல்தான்."

ரவாங்! அத்தனை தூரம்; அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் அந்தப் பெயரைக் கேட்டாலே இருமும்.

ஞாயிறன்று தோசைக்கல், கூடாரம், இடம் எல்லாவற்றையும் பக்கத்துக் கடை குருவிடம் ஒப்படைத்துவிட்டார். மலர்விழி கரண்டியை மட்டும் தரவில்லை. அதைப் பிடித்தபடி வீடு வரை பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

திங்கட்கிழமை அறைக்குள் நுழைந்ததுமே முந்திக்கொண்டார்.

"மேடம், கடையே இல்ல! நேத்தே மூடிட்டேன். நான் முழுசா கவர்மெண்டு ஆளு மேடம்!"

சுதர்சினியின் முகம் வாடியது. "மூடிட்டீங்களா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி... ஒன்னுமில்ல. போங்க."

திட்டியிருந்தால் பிழைத்திருப்பார். அதிகாரி ஒன்றுமில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். வெளியே லோகன் வேறு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போகத் தயாராக நின்றார்.

அலுவலகத்து பேன்ட்ரி வாசலில் போய் உட்கார்ந்தவரிடம் விஷயத்தைக் கேட்டதும், உள்ளே தே தாரிக் டீ ஆற்றிக்கொண்டிருந்த இராஜம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணே! மேடம் வீட்ல பொரிக்கிற கறிபாப் பலகாரத்தை உங்க கடையில வச்சு விக்க முடியுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டாங்க. என்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க. பாவம், வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு உங்களைவிடப் பயந்துகிட்டு இருந்தாங்க. அவங்கதானே நெசமான கவர்மெண்டு லா!"