சைக்கிள் இன்னும் வரவில்லை

பல்கலைக்கழக வளாகங்களில் எத்தனையோ வகை ஜீவராசிகள் உலாவுகின்றன. அவற்றில் நவீன சீன வரலாறு படிக்கிறவரை அடையாளம் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். பக்கத்தில் போய் மணி என்ன என்று கேளுங்கள். மணியைச் சொல்லமாட்டார். கடிகாரம் சீனாவுக்குள் எப்படி நுழைந்தது என்று ஆரம்பிப்பார்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் தன் அக்கா வீட்டுப் பின்னறையில் வசித்துவந்தார். "பால் ஏண்டா வாங்கலை?" என்று அக்கா கேட்டால், "அதுக்கு முதல்ல பின்னணியைப் புரிஞ்சுக்கணும்க்கா" என்பார். பின்னணி புரிவதற்குள் கடையை மூடிவிடுவார்கள். துறையில் அவருக்குப் பெயரே பின்னணிதான்.

அவருடைய ஆய்வுத் தலைப்பு என்னவோ சாதுவானதுதான்: புரட்சிக்குப் பிந்திய சீனாவில் சைக்கிள். ஆனால் சைக்கிளை அப்படியே எழுதிவிட முடியுமா? சைக்கிளுக்குச் சாலை வேண்டும், சாலைக்குக் குடியரசு வேண்டும், குடியரசுக்கு மன்னராட்சி கவிழ வேண்டும், கவிழ்ந்தது புரிய அபினிப் போர் வேண்டும், போர் புரியத் தேயிலை வேண்டும் என்று, உலகமே முன்னால் மிதிக்கிற பெடலை இவர் ஒருவர் மட்டும் பின்னால் மிதித்துக்கொண்டே போனார். மூன்று அத்தியாயங்கள் தடிமனாக எழுந்து நின்றன. சைக்கிள் வரவில்லை.

"நானும் பக்கத்தைப் புரட்டிக்கிட்டே இருக்கேன், ஒரு மணிச் சத்தம்கூடக் கேக்கலையேப்பா" என்றார் நெறியாளர் அம்மையார்.

"வந்துக்கிட்டே இருக்கு மேடம்."

கேட்டுக் கேட்டு வாங்கிய அவகாசமெல்லாம் தீர்ந்து, கடைசியில் வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். இதில் தேறாவிட்டால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாது. அக்கா வீட்டுக்காரர் டைல்ஸ் கடை வைத்திருந்தார். "ஊத்திக்கிச்சுன்னா திங்கக்கிழமை கடைக்கு வந்துடு மச்சான், உனக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிருக்கேன்" என்று அன்போடு சொல்லியிருந்தார். அந்த ஸ்டூல் நம்மவர் கனவில் வந்து நாலு காலில் துரத்தியது.

நெறியாளரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "புரட்சி ஜெயிச்ச நாப்பத்தொன்பதுக்கு முன்னாடி ஒரு அடி வெச்சே, நானே எழுந்து போயிடுவேன்." வீட்டில் ஒத்திகை நடந்தது. அக்கா எதிரே துடைப்பத்தோடு உட்கார்ந்தாள். இவர் வாயிலிருந்து "அதற்கு முன்" என்று வந்தாலே தரையில் படீரென்று ஒரு அடி. இரண்டே நாளில் ஆள் சீராகிவிட்டார்.

தேர்வு நாள். மேசைக்கு அந்தப் பக்கம் நெறியாளர், துறைத் தலைவர், வெளியிலிருந்து வந்த தேர்வாளர். நம்மவர் எழுந்தார். மூச்சை இழுத்துக்கொண்டார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது. ஒரு தொழிலாளி சைக்கிளில் வருகிறார்."

வந்தேவிட்டது! நெறியாளரின் கண்கள் கலங்கின.

வெளித் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா திடுதிப்புன்னு சைக்கிள் வந்து நிக்குதே. அதுக்கு முன்னாடி?"

நம்மவருக்குள் மூன்று அத்தியாயங்களும் பொங்கித் தொண்டை வரை வந்தன. காதில் துடைப்பம் படீரென்றது. விழுங்கிக்கொண்டார்.

"அதுக்கு முன்னாடி... நடந்து போனாங்க சார்."

"என்னப்பா இப்படிச் சொல்லிட்டே?" என்றார் துறைத் தலைவர். "அபினிப் போரைத் தொடாம எப்படி?"

"தேயிலையைச் சொல்லாம அபினிக்கு எப்படிங்க போவீங்க?" என்றார் வெளித் தேர்வாளர்.

"அப்ப வடக்கேயிருந்து மஞ்சூக்கள் வந்து சீனாவைப் பிடிச்சது கணக்குல இல்லையா?" யார் இது? சாட்சாத் நெறியாளர்தான். அவரும் எத்தனை நேரம்தான் அடக்கிக்கொண்டிருப்பார், பாவம்.

அதற்குப் பிறகு மேசையின் அந்தப் பக்கத்தைப் பிடிக்க முடியவில்லை. ஒரு வம்சத்திலிருந்து அதற்கு முந்தைய வம்சத்துக்கு மூவரும் மாடிப்படி இறங்குவதுபோல் தடதடவென்று இறங்கினார்கள். "சக்கரம்னு பேசறவன், முதல் பேரரசர் வண்டி அச்சை நாடு முழுக்க ஒரே அளவாக்கினதை விடலாமா?" என்று ஒருவர் மேசையைத் தட்ட, மற்ற இருவரும் ஆகா என்றார்கள். நம்மவர் மட்டும் நாற்பத்தொன்பதில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார்.

காவலாளி சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார். "சார், ரூமைப் பூட்டணும்."

மூவரும் தலையைச் சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். துறைத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் பிரமாதம் தம்பி. பின்னணிதான் போதலை."

வீட்டு வாசலிலேயே அக்கா மறித்தாள். "பாஸா, ஃபெயிலா? ஒரே வார்த்தையில சொல்லுடா."

"அக்கா, அதுக்கு முதல்ல பழைய காலத்து வண்டி அச்சைப் பத்தி..."

"என்னங்க," அக்கா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள், "அந்த ஸ்டூலைத் துடைச்சு வையுங்க."

இப்போது அவர் அந்த ஸ்டூலில்தான் இருக்கிறார். குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் உண்டா என்று கேட்டால் பீங்கானைச் சீனர்கள் சுட ஆரம்பித்ததிலிருந்து தொடங்குகிறார். வந்தவர்கள் தப்பித்தால் போதுமென்று பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மச்சானைப் போல வியாபாரி கிடையாது என்று அக்கா வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று வீட்டுக்கு ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்களே, நீங்கள் எந்த வம்சத்திலிருந்து ஆரம்பித்தீர்கள்?