முன் சீட்டுக்கு நடந்த காதுப் பரீட்சை

"இனிமே நான் சுமை தூக்க மாட்டேன்!"

வியாழக்கிழமை காலை, பல் தேய்க்கும் பிரஷ்ஷை வாள் மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்காரர் சபதம் செய்தார்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "முதல்ல வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க. சபதம் சட்டையெல்லாம் ஒழுகுது."

தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவர் எல்லோருக்கும் கண்ணாடிக்காரர். திங்கள் முதல் வெள்ளி வரை கண் பரிசோதிப்பார். சனி, ஞாயிறு கிட்டார் வாசிப்பார். பிறந்தநாள், பணி ஓய்வு, புதுக்கடை திறப்பு என்று எங்கே முப்பது நாற்காலி போட்டு இருபது பேர் உட்கார்ந்தாலும் அவருக்கு அது கச்சேரிதான். வாசிப்பில் குறை சொல்ல முடியாது. கொண்டுபோகிற மூட்டையில்தான் குறை.

கிட்டார் சத்தத்தை எதிரொலிக்க வைக்கக் காலால் மிதிக்கும் ஒரு பெடல், கரகரக்க வைக்க ஒன்று, அலையலையாக ஆட்டி வைக்க ஒன்று, எதற்கு வாங்கினோம் என்று அவருக்கே மறந்துபோனது ஒன்று. இப்படி எட்டு பெடல்களைப் பழைய அலமாரிக் கதவு ஒன்றின் மேல் திருகாணி போட்டு முடுக்கி வைத்திருந்தார். அதற்குப் பெயர் பலகை. இரண்டு பேர் தூக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

காரோ சின்னது. டிக்கியில் ஸ்பீக்கர் ஏறிவிடும். பின் சீட்டில் கிட்டார். பலகை குலுங்கக்கூடாதாம், அதனால் அதற்கு முன் சீட். அது ஏறி உட்கார்ந்ததும், யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டதாக நினைத்து, பெல்ட் போடச் சொல்லி கார் பீப் பீப் என்று கத்தும். ஆகவே பலகைக்கு பெல்ட்டும் மாட்டப்படும். மனைவிக்குப் பின் சீட்டில் கிட்டார் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சந்து. மூன்று வருஷமாக அந்தச் சந்துதான்.

மனைவி கோர்ட்டில் டைப்பிஸ்ட். ஊரார் உளறுவதை ஒரு வரி விடாமல் அடித்து அடித்து, யார் எந்த இடத்தில் தானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இந்தக் கதையில் அவரை அம்மணி என்றே சொல்லிக்கொள்வோம். கண்ணாடிக்காரரும் மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். வெளியே சொல்ல தைரியம் போதாது.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரர் இரண்டு பெட்டிகளோடு வீடு திரும்பினார். ஒன்று கைப்பிடி வைத்த பெரிய பெட்டி. இன்னொன்று சட்டைப் பையில் இருந்தது.

"எட்டு பெடலும் செய்யற வேலையை இது ஒண்ணே செய்யும்மா. எல்லாம் டிஜிட்டல். இதுக்குப் பேரு ப்ராசஸர். கடைக்காரர் ரெண்டையும் ஒரு வாரம் வச்சிருந்து பாருங்க, ஒண்ணை எடுத்துக்கிட்டு மத்ததைத் திருப்பிக் கொடுங்கன்னுட்டார்."

பெரியதை மேஜையில் வைத்தார். மேஜை முனகியது. காலால் மிதிக்க வரிசையாகப் பன்னிரண்டு பட்டன்கள், நடுவில் டிவி மாதிரி ஒரு திரை, சுற்றிலும் கலர் விளக்குகள். சின்னதைப் பக்கத்தில் வைத்தார். அவருடைய கடையில் கொடுக்கிற மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுதான் இருந்தது. இரண்டே பட்டன்.

"எது நல்லது?" என்றார் அம்மணி.

"பெரிசுதான். சந்தேகமே இல்ல."

"எடை?"

"அதை ஏன் கேக்குற?"

"காலைல சுமை தூக்க மாட்டேன்னு சொன்னது நீங்கதானே?"

"பலகையைத் தூக்க மாட்டேன்னேன். இது பலகை இல்லையே."

"எங்க வைப்பீங்க?"

கண்ணாடிக்காரர் விளக்குகளைத் துடைக்க ஆரம்பித்தார். "திரை இருக்கு பாரு. குலுங்கக்கூடாது. அதனால... முன் சீட்டுலதான்."

அம்மணி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார். கண்ணாடிக்காரருக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை.

"மூணு வருஷமா உங்க பின்மண்டையைப் பாத்துக்கிட்டே வர்றேன்," என்றார் அம்மணி. "ஒரு வார்த்தை பேசணும்னாலும் டிரைவர் கண்ணாடியில உங்க கண்ணு தெரியுதான்னு தேடிப் பேச வேண்டியிருக்கு. எனக்கு உங்க பக்கத்துல உக்காந்து வரணும். அவ்வளவுதான். சின்னதை எடுத்துக்குங்களேன்."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. பாவம்தான், கொடுத்துவிடலாமே என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அந்த நேரம் பார்த்து பெரிசின் திரை நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறித் தொலைத்தது. மனசும் மாறிவிட்டது.

"அம்மா, கால்ல மிதிச்சாத்தான் அது கலை. விரலால அமுக்கினா அது ரிமோட். தவிர, சத்தத்துல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உன் காதுக்குத் தெரியாது. என் காதுக்குத் தெரியும்."

இந்தச் சமயத்தில் கீழ்வீட்டுப் பல் டாக்டர் மேலே வந்தார். கடைத்தெருவில் இருக்கும் அவருடைய க்ளினிக்குக்குப் பத்து வயது நிறைகிறது. சனிக்கிழமை சாயங்காலம் க்ளினிக் கூடத்தில் சின்னதாக விழா, அதில் கண்ணாடிக்காரரின் கிட்டார். நேரம் சொல்லிவிட்டுப் போக வந்தவரை உட்கார வைத்து, கண்ணாடிக்காரர் தன் புகழ்பெற்ற லாரி டிரைவர் கதையை எடுத்துவிட்டார்.

"லைசென்ஸுக்கு கண் டெஸ்ட்டுக்கு வந்தார் டாக்டர். சுவர்ல எழுத்து அட்டை இருக்குமில்ல, அதை எங்கேயோ பாத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கார். முகத்துல ஒரு சிரிப்பு! எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. ஒரு கண்ணை மூடுங்கன்னு சொல்லிட்டு, சத்தமில்லாம வேற அட்டையை மாட்டினேன். மனுஷன் கடகடன்னு பழைய அட்டையை ஒப்பிக்கிறார்! கடைசி வரி வரைக்கும்! அதே சிரிப்போட!"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மணியும் சிரித்து வைத்தார். இந்தக் கதையை எத்தனையாவது தடவை சொல்கிறோம் என்று கண்ணாடிக்காரருக்குக் கணக்கில்லை. அம்மணிக்கு இருந்தது.

"அப்ப நாமளும் ஒரு டெஸ்ட் வச்சுக்கலாமே," என்றார் அம்மணி. "நீங்க கடையில கேப்பீங்களே, இந்த லென்ஸா அந்த லென்ஸா, எது தெளிவா இருக்குன்னு? அதே மாதிரி. நீங்க சுவரைப் பாத்து உக்காந்து வாசிங்க. நான் பின்னால ஒயரை மாத்தி மாத்திச் சொருகறேன். உங்க காது எதை நல்லதுன்னு சொல்லுதோ, அது வீட்டுல இருக்கட்டும். பெரிசு ஜெயிச்சா முன் சீட் பெரிசுக்கே. நான் வாயே திறக்க மாட்டேன். டாக்டர் சாட்சி."

"சபாஷ்!" என்றார் டாக்டர்.

கண்ணாடிக்காரர் தன் காதின் பெருமையை இப்போதுதான் அளந்துவிட்டிருந்தார். பின்வாங்க வழியில்லை. "ஆகட்டும்" என்றார் கண்ணாடிக்காரர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மணி கோர்ட்டில் இருந்த நேரம் பார்த்து கடையைச் சாத்திவிட்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தார். மலையையும் காணோம், மடுவையும் காணோம். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. காதைக் குடைந்துவிட்டு மறுபடி வாசித்தார். இன்னும் ஒன்றாக இருந்தன.

அப்போதுதான் அது காதில் விழுந்தது. எந்தப் பெட்டியில் ஒயரைச் சொருகினாலும், அவர் பதிந்து வைத்திருக்கும் சத்தம்தான் வருகிறதா என்று உறுதி செய்ய முதல் பட்டனை ஒரு தடவை அமுக்குவது வழக்கம். பெரிசின் பட்டன் இரும்பு. அமுக்கினால் 'டக்'. சின்னதன் பட்டன் ரப்பர். அமுக்கினால் 'பொச்'.

டக். பொச். டக். பொச்.

கண்ணாடிக்காரர் கிட்டாரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று ஆடினார். கிட்டார் சத்தத்தை யார் கேட்கப் போகிறார்கள்? டக் என்றால் ஆஹா. பொச் என்றால் சீச்சீ. தீர்ந்தது விஷயம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. அம்மணி நிபந்தனைகளை ஒரு காகிதத்தில் டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார். பத்துச் சுற்று, சோதிக்கப்படுபவர் எந்தச் சத்தத்தைச் சிறந்தது என்கிறாரோ, அந்தச் சத்தம் வந்த பெட்டிக்கு மார்க், தோற்ற பெட்டி அன்றே கடைக்குத் திரும்பும், தீர்ப்பு வந்தபின் மேல்முறையீடு கிடையாது. கண்ணாடிக்காரர் படித்துக்கூடப் பார்க்காமல் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்போடு போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

பின்னால் டாக்டர் பேனாவோடு தயாரானார். ஒயர் உரசும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு," என்றார் அம்மணி. டக்.

வாசித்தார்.

"ரெண்டு." பொச்.

வாசித்தார்.

"எது நல்லாருக்கு?"

"ஒண்ணு! இதுக்குப் பேரு நாதம். ரெண்டாவது, தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி."

"எழுதிக்கோங்க டாக்டர்."

அடுத்த சுற்றில் பொச் முதலில் வந்தது. "ரெண்டு!" என்றார். மூன்றாவது சுற்றில் மறுபடியும் டக் முதலில். "ஒண்ணு! என்ன ஆழம்! கிணறு மாதிரி!" போகப்போக அவருக்கு வாய் நீண்டது. நான்காவது சுற்றில் டக்கைக் கேட்டு "இது தேன்" என்றார். ஏழாவது சுற்றில் பொச்சைக் கேட்டு, "இதை வாசிச்சா பல் வலி வரும், டாக்டருக்கு நல்ல வியாபாரம்" என்றார். டாக்டர் பயங்கரமாக இருமினார். ரசிக்கிறார் என்று கண்ணாடிக்காரருக்கு உற்சாகம் பொங்கியது. எட்டாவது சுற்றில் வாசிக்காமலே தீர்ப்புச் சொல்லப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பத்துச் சுற்றும் முடிந்தது.

"கடைசியா கேக்குறேன்," என்றார் அம்மணி. "உங்க காதுல சந்தேகம் ஏதாச்சும் இருக்கா?"

"துளியும் இல்ல. பத்துக்குப் பத்து ஒரே பெட்டியைத்தான் சொல்லியிருக்கேன்."

"அது வாஸ்தவம்," என்றார் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பத்துக்குப் பத்து. சின்னது."

கண்ணாடிக்காரர் நாற்காலியோடு திரும்பினார்.

அம்மணியின் வலது கை பெரிசின் பட்டன் மேல் இருந்தது. பெரிசில் ஒயர் இல்லை. கிட்டாரிலிருந்து வந்த ஒயர், சாதுவாக, சின்னதில் சொருகியிருந்தது. பத்துச் சுற்றும் ஒயர் ஒரு பெட்டியில், அமுக்கிய பட்டன் மற்றதில்.

"அநியாயம்!" என்று துள்ளி எழுந்தார். "அப்ப அந்த டக்?"

"எந்த டக்?" என்றார் அம்மணி.

"பெரிசோட டக்! பத்து தடவையும் டக்னு..."

வாய் அங்கேயே நின்றது. டாக்டருக்கு ஒரு வாய் திறந்தபடி நிற்பதைப் பார்ப்பது பழக்கம்தான் என்றாலும், இவ்வளவு அகலமாக அவரும் பார்த்ததில்லை.

அம்மணி நிதானமாகக் கேட்டார். "ஒண்ணு, நீங்க சத்தத்தைக் கேட்டுச் சொல்லியிருக்கணும். அப்படின்னா உங்க காதுக்குச் சின்னதுதான் தேன், சின்னதுதான் கிணறு. இல்லன்னா, பட்டனைக் கேட்டுச் சொல்லியிருக்கணும். அப்படின்னா அதுக்கு வேற பேரு. எதுன்னு நீங்களே சொல்லுங்க. டாக்டர் எழுதிக்குவார்."

டாக்டர் பேனாவைத் திறந்தார். அவர் எழுதினால் சாயங்காலத்துக்குள் க்ளினிக்கில் இருபது பேருக்குத் தெரியும். அதில் பாதிப் பேர் கண்ணாடிக்காரரின் வாடிக்கையாளர்கள். இன்னொரு லாரி டிரைவர் கதை உலவத் தொடங்கும், அதில் லாரி இருக்காது.

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். மார்பை நிமிர்த்தினார்.

"என் காது பொய் சொல்லாது," என்றார். "சின்னதுதான் உசத்தி. நான் ஆரம்பத்துலேர்ந்தே அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்?"

பெரிசை அன்று மத்தியானமே கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுக்கும்போது திரை ஒரு தடவை ஊதாவாக மின்னியது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சாயங்காலம் காரில் கிட்டார் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தது. சின்னது அம்மணியின் கைப்பையில், ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. அம்மணி முன் சீட்டில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, சும்மா அவர் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் பக்கவாட்டில் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது போல, ஆசையாகத்தான் பார்த்தார். கண்ணாடிக்காரருக்கும் உள்ளூர அது பிடித்திருந்தது. ஆனால் தோற்றவர் உடனே சிரிக்கக்கூடாது அல்லவா? ரோட்டையே பார்த்துக்கொண்டு சாவியைத் திருகினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு," என்றார். "நான் டக்கைத்தான் கேக்கப்போறேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"லாரி டிரைவர் கதையை இதுவரைக்கும் பதினேழு தடவை சொல்லியிருக்கீங்க. பதினேழு தடவையும் அவர் சிரிச்ச சிரிப்பை நடிச்சுக் காட்டியிருக்கீங்க. கார்த்தால அதே சிரிப்போட போய் சுவரைப் பாத்து உக்காந்தீங்களே! ஒப்பிக்கிறதுக்கு பட்டன் சத்தத்தை விட்டா அங்க வேற என்ன இருந்தது?"

கண்ணாடிக்காரர் காரை எடுத்தார். பத்தடி போவதற்குள் அது பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் அம்மணியின் பக்கம் கையை நீட்டி பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். அது சரியாகத்தான் மாட்டியிருந்தது.

"உங்களுதைப் போடுங்க," என்றார் அம்மணி. "மூணு வருஷத்துல அந்தப் பலகைகூட ஒரு நாளும் போடாம வந்ததில்ல."