துர்தகூன் கண்டுபிடித்த அஸ்தமனம்

இந்த அக்டோபரில் பெண்டாட்டியிடம் மூச்சு விடுவதில்லை என்று துர்தகூன் சபதம் எடுத்தான். முப்பது வருஷ இல்லறத்தில் அது அவனுடைய பதினேழாவது சபதம். முந்தைய பதினாறும் அன்றன்றைய சாப்பாட்டு வேளை வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

இசிக்குல் ஏரியின் தெற்குக் கரையில் மினிபஸ் ஓட்டுவது அவன் பிழைப்பு. படம் எடுப்பது அவன் பைத்தியம். எந்த மாதம் எந்தச் சரிவில் வெயில் எப்படி விழும் என்று நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தான். ஏப்ரலில் ஆப்ரிகாட் பூக்கும்போது யார் தோட்டத்துச் சுவர்மேல் ஏறி நிற்கலாம், மே மாதம் காட்டு டியூலிப் எந்த மேட்டில் முளைக்கும், அந்த மேட்டில் எந்த நாய் கடிக்கும், எல்லாம் அதில் இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? ஜில்லா கலாசார மன்றம் போடும் சுவர் காலண்டரில் மூன்று வருஷமாகப் பக்கத்து வீட்டு சம்சாலியின் படம்தான் வருகிறது. அதுவும் துர்தகூன் கண்டுபிடித்த இடத்தில், துர்தகூனுக்கு ஒரு நாள் முந்திப் போய் எடுத்த படம்! வயிறு எரியாதா?

அவன் மனைவி கலிபாவும் சம்சாலியின் மனைவியும் தினம் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசுவார்கள். ரகசியம் அங்கேதான் ஒழுகுகிறது என்று துர்தகூன் முடிவு கட்டிவிட்டான். அதனால்தான் சபதம்.

இந்த முறை சிக்கியதோ லேசுப்பட்ட இடமில்லை. பழைய படகுத்துறையைத் தாண்டி ஒரு வளைவு. கரை முழுக்க சிச்சிர்கனாக் முள்ளுச்செடி, இலை தெரியாமல் ஆரஞ்சு நிறப் பழம். அக்டோபர் நடுவில் ஒரே ஒரு வாரம், மேற்கே இரண்டு மலைகளுக்கு நடுவிலுள்ள பிளவில் சூரியன் கச்சிதமாக இறங்கும். மூன்றே நிமிஷம், ஏரியும் பழமும் சேர்ந்து பற்றி எரிகிற மாதிரி இருக்கும். அதைப் பிடித்துவிட்டால் காலண்டர் அவனுக்குத்தான்.

"என்னங்க, எங்க போயிட்டு வர்றீங்க?" என்றாள் கலிபா.

"குதிரையைக் காணோம். தேடப் போனேன்."

"குதிரை முற்றத்துல கட்டியிருக்கு."

"அதான் அங்க கிடைக்கல."

"கால்சட்டைல என்ன இத்தனை முள்ளு?"

"குதிரை முள்ளுக்குள்ள பூந்திருக்குமோன்னு நானும் பூந்து பாத்தேன்."

"அடப் பாவமே!" என்று அவனை உட்கார வைத்து, ஊசியால் ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள். "இந்த வருஷமாவது முள்ளுப்பழம் பறிக்க வாங்களேன். ஜாமுக்கு வேணும். குளிர்காலத்துல நீங்க இருமுறப்போ அதைத்தானே காய்ச்சித் தர்றேன்?"

"அந்தச் செடி இருக்கிற திசைக்கே நான் வர மாட்டேன், சொல்லிட்டேன்!" என்றான் துர்தகூன், பதினோராவது முள்ளை அவள் பிடுங்கும்போது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு ஓய்வு. "குதிரைக்கு லாடம் அடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, குதிரையை வீட்டிலேயே விட்டுவிட்டு, கேமராவும் முக்காலியுமாகப் பின்வாசல் வழியே நழுவினான்.

வளைவில் திரும்பினால், கலிபா! கையுறை, ஆறு வாளி, தெர்மாஸில் டீ.

"வாங்க. லாடம் அடிச்சாச்சா?"

"நீ... நீ எப்படி இங்க?"

"தினம் பஸ்ஸை இங்கதானே நிறுத்துறீங்க?"

"அது இஞ்சின் சூடாயிடுச்சுன்னு..."

"இஞ்சின் சூடானா டிரைவர் இறங்கி, விரலைக் கட்டம் கட்டிக் கண்ணு முன்னால வச்சுக்கிட்டு சூரியனைப் பாப்பாரா? உள்ள இருபது பேர் உக்காந்து வேடிக்கை பாக்கறாங்க. மூணாவது சீட்ல யாரு? உங்க சம்சாலி! மூணு வருஷமா அவரை ஏத்திக்கிட்டுப் போய் இடம் காட்டினது நீங்க. நான் அவங்க வீட்ல ஒரு வார்த்தை சொன்னதில்ல."

துர்தகூனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மூன்று வருஷம் இவளையல்லவா சந்தேகப்பட்டோம்!

"ஐயோ, அப்ப இன்னைக்கும் வந்துடுவானே!"

"வர மாட்டார். அவர் சம்சாரம் அவரைக் கிழக்குக் கரைக்குப் பழம் பறிக்க இழுத்துட்டுப் போயிட்டா. வேலிக்கிட்ட நாங்க ரெண்டு பேரும் அதைத்தான் பேசினோம். இந்த வருஷம் உங்களுக்கே உங்களுக்குன்னு விட்டாச்சு. எடுங்க."

இப்படியொருத்தியை வைத்துக்கொண்டா சபதம் எடுத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு முக்காலியை நட்டான். சூரியன் பிளவை நெருங்கியது.

"என்னங்க, ஒரே ஒரு நிமிஷம். இந்தக் கிளையைக் கொஞ்சம் பிடிங்க."

கேட்டது கலிபா. அதுவும் இப்போது. மறுக்க முடியுமா? இரண்டு கையாலும் பிடித்து வளைத்தான்.

"விட்டுடாதீங்க! மூஞ்சில அடிச்சிடும்."

சூரியன் பிளவுக்குள் இறங்கியது. ஏரி எரிந்தது. பழம் எரிந்தது. கலிபாவின் கன்னத்தில் வழிந்திருந்த பழச்சாறும் எரிந்தது. கேமரா பத்தடி தள்ளி நின்றது, கிளை கையில் இருந்தது. துர்தகூன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அவள் அழகாக இருந்தாள். அதை வாய்விட்டும் சொன்னான். அவள் சிரித்து, கையுறையைக் கழற்றி, போனை எடுத்து எதையோ தட்டினாள். மருமகளுக்குச் சேதி அனுப்புகிறாள் என்று நினைத்தான். மூன்று நிமிஷம் முடிந்தது. வாளியும் நிறைந்தது. மறுநாளிலிருந்து அந்த வாரம் முழுக்க மேகமும் பனியும்.

வேறு வழியில்லாமல், கோடையில் எடுத்த குதிரைப் படம் ஒன்றை மன்றத்துக்கு அனுப்பிவைத்தான்.

டிசம்பரில் ஒரு காலை கலிபா முற்றத்திலிருந்து ஓடிவந்தாள். "சூயுன்ச்சு! சூயுன்ச்சு!"

நல்ல சேதி கொண்டுவருகிறவர் கத்துகிற சொல் அது. கேட்டவன் முதலில் பரிசை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் சேதி. துர்தகூனின் அப்பனும் பாட்டனும் மீறாத வழக்கம், அவன் மட்டும் மீறுவானா? அவள் கையில் சுருட்டிய காலண்டர் வேறு இருந்தது. குதிரை ஜெயித்துவிட்டது!

"கேளு! என்ன வேணும்னாலும் கேளு!"

"அடுத்த அக்டோபர்ல நீங்க தனியா பத்து வாளிப் பழம். முணுமுணுக்கக் கூடாது."

"இருபது வாளி! காட்டு!"

விரித்துக் காட்டினாள். அக்டோபர் பக்கத்தில் பிளவு, சூரியன், எரிகிற ஏரி. நடுவில் முள்ளுக்கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி துர்தகூன். கீழே பொடி எழுத்தில், 'படம்: கலிபா'.

"இருபது வாளின்னா ஒரு வளைவு பத்தாதுங்க" என்றாள் கலிபா, நோட்டை அவன் மடியில் வைத்து. "பழம் நிறைய இருக்கிற இடமா இப்பவே பாத்து எழுதி வைங்க. இடம் கண்டுபிடிக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆள் ஏது!"