கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை

"ஃபுல்வியோ! இங்க ஒண்ணுமே கேக்கலையே!"

கடைசி வரிசையிலிருந்து மேயர் ஒரியெத்தா போட்ட சத்தம் மேடைவரை கணீரென்று கேட்டது. மேடையில் ஒத்திகைக்காகப் பாடகி தொமித்தில்லா பாடிக்கொண்டிருந்ததுதான் மேலே எட்டவில்லை.

காஸ்தெல்வெந்தோ மலைச்சரிவில் ஃபுல்வியோ வடிவமைத்த திறந்தவெளி ஆப்பரா அரங்கம் அது. மைக்கே வேண்டாம், கல் படிகளே குரலைத் தூக்கிக் கொடுக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அதற்குமுன் அவன் கட்டியதெல்லாம் மீன்சந்தைகள்தாம்.

"காத்து குரலை அடிச்சுட்டுப் போயிடுது, மேயரம்மா. பின்னால ஒரு சுவர் வெச்சா சரியாயிடும்."

மேடைக்குப் பின்னால் மரச்சுவர் எழுந்தது. அந்தி வெயிலில் கடல் தெரியும் என்றுதான் அந்த இடத்தையே பிடித்திருந்தார்கள். கடல் மறைந்தது. பாட்டு அப்போதும் மேலே எட்டவில்லை.

"பாவி! அந்தக் கடலைக் காட்டித்தானே டிக்கெட் வித்தேன்!"

மேடைக்கு மேலே சாய்வாக ஒரு கூரை போட்டான். மேல்வரிசைக்கு இப்போது பாடகியின் முழங்கால் மட்டும் தெரிந்தது. குரலோ, கொசு முனகல்.

"அந்தப் பொண்ணுகிட்டயே ஒரு வார்த்தை கேளேன்யா."

"ஐயோ, வேணாம்! நான் கட்டின இடத்துல உங்க குரல் எடுபடலைன்னு எந்த வாயால அவகிட்ட சொல்லுவேன்?"

கடைசியில் கடப்பாரையை எடுத்துவிட்டான். குரல் எட்டாத மேல் பத்து வரிசைகளும் பெயர்ந்தன. அந்த வரிசைகளுக்கு டிக்கெட் வாங்கியிருந்தவர்கள் மேயர் வீட்டு வாசலில் நின்று ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள்.

முதல் நாள் நிகழ்ச்சி. தொமித்தில்லா வாயைத் திறந்தாள்.

இடி விழுந்தது. சுவரில் மோதி, கூரையில் மோதி, குரல் மொத்தமும் ஜனங்கள்மேல் பாய்ந்தது. முன்வரிசை காதைப் பொத்திக்கொண்டது. ஒரு கிழவர் காதுக்கருவியைப் பிடுங்கி எறிந்தார். கீழே துறைமுகத்தில் நாய்களெல்லாம் ஊளையிட்டன. மேயர் பிளந்த வாயை மூடவேயில்லை.

பேயறைந்தவன்போல ஃபுல்வியோ மேடைக்குப் பின்னால் ஓடினான். பாடகிக்கு உடை மாட்டிவிடும் நீவெஸ் அம்மாள் நிதானமாகப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா இருந்துச்சு இவ்வளவு குரல்? ஒத்திகையில ஒரு நாள்கூடக் கேக்கலையே!"

"ஒத்திகையிலயா?" அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒத்திகையில எவ தம்பி தொண்டையத் திறப்பா? இன்னிக்குக் குரல் வேணுமேன்னு சும்மா உதட்டைத்தானே அசைச்சுக்கிட்டிருந்தா!"