மூன்று கயிறும் ஒரு நிகர விசையும்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் எரிச்சல்தான் கூடும். ஆனால் போன வாரம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், முன்பின் தெரியாத ஒருத்தன், "அண்ணே, நீங்கதான நிகர விசை?" என்று கேட்டுவிட்டான். (இனி எதை மறைக்க?)

பிளஸ் டூவில் எனக்கு வருகைப்பதிவு போதவில்லை. ஹால் டிக்கெட் வேண்டுமென்றால் தலைமையாசிரியர் ஒரு பாரத்தில் கையெழுத்துப் போடணும். "ஆய்வுக்கு அதிகாரி வர்றாரு. இயற்பியல்ல ஒண்ணு ஒழுங்காச் செஞ்சு காட்டு, போடுறேன்" என்றார்.

இயற்பியல் சாருக்கோ என்மேல் கொலைவெறி. சமபக்க முக்கோணத்தின் மூன்று மூலையிலும் சமமான நிறைகள், நட்டநடுவில் ஒன்று. அதன்மேல் மொத்த ஈர்ப்பு விசை எவ்வளவு? மூன்றையும் அப்படியே கூட்டி மூணு மடங்கு என்று எழுதியவன் நான்.

"வெங்காய மூட்டையாடா கூட்டுற? திசையப் பாத்துக் கூட்டணும்லே!" என்று பேப்பரை வீசினார். இரண்டு இழுப்பைத் திசையோடு கூட்டினால், மூன்றாவதற்கு நேர் எதிரே அதே அளவு வரும். ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். மிச்சம், அதாவது நிகர விசை, சுழி. அதைத்தான் நான் செய்து காட்டணும்.

ஆய்வன்று என் இடுப்பில் மூன்று கிணற்றுக் கயிறு. மூலைக்கு ஒருத்தன், மூவரும் ஒரே எடை. அதிகாரியின் நாற்காலிக்கு முன்னால் நின்றவன் என் கூட்டாளி பாண்டி. சமமாக இழுத்தார்கள். நான் அசையவில்லை.

"பரவால்லையே!" என்றார் அதிகாரி. தலைமையாசிரியர் பேனாவைத் திறந்துவிட்டார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

மூடினேனா? "ஏலே பாண்டி, இழுக்கியா, தூங்குறியா? தேருக்கும் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுட்டு சும்மாதான நின்ன!"

எங்கள் பக்கம் ஒருத்தனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். தேர் வடத்தைச் சும்மா பிடித்தான் என்று மட்டும் சொல்லக்கூடாது. பாண்டி காலை ஊன்றி ஒரே இழுப்பு. நான் நகர்ந்ததுதான் தாமதம், மற்ற இரண்டு பேரும் தேர் கிளம்பினால் கைகொடுக்கிற பழக்கத்தில் அவன் பக்கமே ஓடிப்போய், சேர்ந்து இழுத்தார்கள். (மூன்று விசையும் ஒரே திசையில். அப்போது மட்டும் என் மூணு மடங்கு விடை சரி. ஒரு பயலும் மார்க் போடவில்லை!)

அவர்களைத் தாண்டிப் பறந்துபோய் அதிகாரியின் மடியில் விழுந்தேன். நாற்காலியோடு மல்லாந்தோம். தலைமையாசிரியர் பாரத்தை நாலாகக் கிழித்தார்.

அந்த வருஷம் பரீட்சை இல்லை. அப்புறம் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். வீட்டில் அம்மாவே, "நிகர விசை, சாப்பிட வாரியா?" என்கிறாள். இழுத்துவிட்ட பாண்டி மதுரையில் காலேஜையே முடித்துவிட்டான். வயிறு எரியுமா, எரியாதா?

இந்தச் சூட்டோடு இதை அவனுக்கே வாட்ஸப்பில் அனுப்பி, "என் படிப்பக் கெடுத்த பாவி, இப்பவாச்சும் பதில் சொல்லுலே" என்று கேட்டேன். ஒரே ஒரு வரி வந்தது:

"எல்லா இழுப்பையும் கணக்குல சேத்தியே மாப்ள, உன் வாயைச் சேத்தியாலே?"