நம் மூக்குக்குத் தைத்த முகக்கவசம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். அப்படி இல்லையென்றால் முதலில் உடம்பைக் கவனித்துக்கொண்டு பிறகு மேலே படிக்கவும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் தொடங்கும் வாக்கியத்தை நீ முடித்துவிடுகிறாய். இதை நானே முடித்தாக வேண்டும். விஷயம் இதுதான்: நான் அனுப்பிய முகக்கவச அளவுத் தாளை வைத்து உங்கள் குடியிருப்புப் பெண்கள் துணி வெட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து கத்திரியைக் கீழே வைக்கச் சொல். தைத்து முடித்ததை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடாதே. அந்த அளவு தப்பு. இன்னும் சரியாகச் சொன்னால், அளவு சரி, முகம்தான் தப்பு.

எப்படி என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் மாஸ்க் போதவில்லை, வீட்டில் துணியில் தைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் உன் அண்ணி தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். பழைய பருத்தி விரிப்புகளை வெந்நீரில் அலசிக் காயப்போட்டாள். மெஷினைத் தொட எனக்கு அனுமதி இல்லை என்பது உனக்குத் தெரியும். வெட்டுவது மட்டும் என் பங்கு. எல்லாரையும் போல நீள்சதுரமாக வெட்டி நடுவில் மூன்று மடிப்பு வைத்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். ஆனால் நான் வேலைக்காலம் முழுக்க வரைபட அலுவலகத்தில் உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரித்துக்கொண்டிருந்தவன் அல்லவா? இங்கே கணக்கு தலைகீழாக வந்து நிற்கிறது. தட்டைத் துணி உருண்டை முகத்தில் போய் உட்கார வேண்டும். எங்கே மடித்துப் பிடித்தால் துணி கன்னத்தோடு ஒட்டும், எங்கே விட்டால் வாய்க்கு முன்னால் விலகி நிற்கும்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. காப்பி ஆறிப்போனது கூடத் தெரியவில்லை. “உள்ளங்கை அகலத் துணி. இதுக்கு இவ்வளவு யோசனையாங்க?” என்றாள் உன் அண்ணி. “மலையையே தாளில் காட்டியிருக்கிறோம்” என்று மெதுவாகச் சொன்னேன். மெதுவாகச் சொன்னதால் அவள் காதில் விழவில்லை.

முகத்தின் அளவை எடுக்க, செய்தித்தாளை நனைத்து என் முகத்தின் கீழ்ப்பாதியில் ஒட்டிக்கொண்டு, அது காயும்வரை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தேன். காய்ந்ததும் கழற்றி, ஓரங்களில் கீறி விரித்தால் தட்டையான வடிவம் கிடைத்துவிடும்; பூமி உருண்டைக்கு மேல்தாள் ஒட்டும் முறைதான், திருப்பிப் போட்டது. பாதி காய்ந்திருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. உன் அண்ணி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்தேன். கூரியர்க்காரர் பொட்டலத்தைப் படியிலேயே வைத்துவிட்டு, கையெழுத்துக்கூட வாங்காமல் இறங்கிப் போய்விட்டார். கன்னத்தில் பதிந்த செய்தித்தாள் மை அன்று முழுக்கப் போகவில்லை. “இன்னிக்கு மழை உண்டா இல்லையான்னு உங்க கன்னத்தைப் படிச்சே சொல்லிடலாம்” என்று அவள் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஏன் என் முகத்தில் எடுத்தேன் என்பதை இப்போது யோசிக்கிறேன். என் முகத்தை நான் எப்போதும் சராசரி முகம் என்றே நினைத்து வந்திருக்கிறேன். முதலில் தைத்ததை உன் அண்ணி போட்டுப் பார்த்து, “தொளதொளன்னு இருக்கே, முன்னாடி ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம் போல” என்றாள். “உன் முகம் விதிவிலக்கு” என்று அவளிடம் விளக்கினேன். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. வேறொருவர் சோதித்துப் பார்ப்பதுதான் முறை என்று உனக்கு ஒன்று அனுப்பினேன். “அண்ணா, எனக்குன்னே அளவெடுத்த மாதிரி கச்சிதமா இருக்கு! தாளை அனுப்பு, இங்க எல்லாரையும் தைக்க வெச்சுடறேன்!” என்றாய். அந்தச் சொல்லில்தான் என் சந்தேகம் தீர்ந்தது. இவ்வளவு படித்தும், சோதனைக்கு நான் தேர்ந்தெடுத்த ஆள் யார் என்று யோசிக்கவே இல்லை பார். அப்பாவிடமிருந்து நம் இருவருக்கும் எது வந்தது என்று கண்ணாடியில் பார்த்துக்கொள். பக்கவாட்டில் பார்.

நேற்றுக் காலை ஒரு பை நிறையக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியின் பக்கவாசலில் கொடுத்தேன். தலைமை நர்ஸ் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொரு நர்ஸும் போட்டுப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூக்குக்கு முன்னால் துணி கூடாரம்போல் நின்றது; கன்னத்தின் இரு பக்கமும் இடைவெளி.

“ஐயா, தையல் ரொம்ப நல்லா இருக்கு. இது யாரு மூஞ்சிக்குத் தைச்சதுங்க?”

“பொதுவாக, எல்லோருக்கும்...” என்றேன்.

தலைமை நர்ஸ் என் முகத்தில் இருந்த மாஸ்க்கைப் பார்த்தார். ஓரத்தில் விரல் விட இடமில்லாமல் ஒட்டி நின்றது. சற்று நகர்ந்து பக்கவாட்டிலிருந்தும் பார்த்தார். “உங்களுக்குப் பிரமாதமா இருக்குங்க ஐயா. எங்ககிட்டதான் அந்த மூக்கு இல்ல” என்றார். மற்றவர் திரும்பிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்திருப்பேன். அந்த இடைவெளிதான் விடவில்லை. அதை நம்பி யாராவது நோயாளியின் பக்கத்தில் போய் நின்றால்? பையைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. “பாக்கலாம், வெச்சுட்டுப் போங்க” என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

சரி, பொதுவாக மனித மூக்கு எவ்வளவு இருக்கும்? திரும்பும் வழியில் கவனித்துக் குறித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தெருவில் ஒரு மூக்குகூட வெளியே இல்லை. எல்லோரும் மூடியிருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் மாஸ்க் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் உற்றுப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மேலே இழுத்துவிட்டார். உலகத்தில் எனக்குப் பார்க்கக் கிடைத்த ஒரே மூக்கு வீட்டில்தான் இருந்தது. நாடாவை எடுத்துக்கொண்டு போய் உன் அண்ணி முன்னால் நின்றேன். “என்னங்க இது?” என்றாள். “அளவு” என்றேன். கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரை, காதிலிருந்து மூக்கு நுனிவரை அளந்தேன். அவள் சிரிப்பை அடக்க, கன்னம் ஏறியது. மறுபடி அளக்க வேண்டியதாயிற்று. “கல்யாணத்தப்பகூட இவ்வளவு நேரம் என் மூஞ்சியப் பாக்கல நீங்க” என்றாள். அவள் இடது கன்னத்தில் ஒரு சிறிய குழி இருக்கிறது. அதை இதுவரை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை.

அந்த அளவில் வரைந்த புதுத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய தாளைக் கிழித்துப் போடு. தைத்தவற்றைப் பிரித்து மறுபடி வெட்டச் சொல். அவர்கள் கோபப்பட்டால் அண்ணன் முட்டாள் என்று சொல்லிக்கொள், அனுமதி தருகிறேன். “பொருந்தவில்லை” என்று உன் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் கிடையாது. ஆகையால் யாரும் குறை சொல்லவில்லையே என்று மட்டும் பதில் எழுதாதே.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். கண்ணுக்கு ஓய்வு கொடுத்துத் தைக்கவும். உன் அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு (உறையின் வெளிப்பக்கத்தில் எழுதுவது): உறையை ஒட்டியதும் தலைமை நர்ஸ் போன் செய்தார். மேல் ஓரத்தில் வளையும் கம்பி ஒன்றைச் செருகி, கன்னத்துப் பக்கம் ஒரு மடிப்பைக் கூட்டித் தைத்தார்களாம். இடைவெளி போய்விட்டதாம். “விசாரணை கவுன்டர்ல நாள் பூரா பேசுறவங்க இதத்தான் கேக்குறாங்க ஐயா, பேசும்போது துணி வாய்க்குள்ள போகலையாம். அதே மூக்குலயே தைங்க” என்றார். ஆகவே எதையும் பிரிக்காதே, கிழிக்காதே. கம்பியும் மடிப்பும் மட்டும் சேர்க்கச் சொல். கடிதத்தை மாற்றி எழுதலாம் என்றால் உன் அண்ணி உறையைப் பிரிக்க விடவில்லை: “உங்கள விட்டா திரும்ப ‘சுகம்’லேருந்து ஆரம்பிப்பீங்க.” நீ இதைத்தான் முதலில் படிப்பாய், உள்ளே இருப்பதைப் படிக்கத் தேவையில்லை. நர்ஸ் மரியாதைக்காகச் சொல்கிறாரோ என்று ஒரு சந்தேகம் எனக்கு இருந்தது. ஆனால் மரியாதைக்காக யாரும் இன்னும் இரண்டு பை கேட்கமாட்டார்கள்.